பிஎஸ்6 பிக்கப்புக்கு பழைய வண்டியோட ஆயிலே போதுமா?

பிஎஸ்4ங்கிற பழைய புகை விதில வந்த வண்டிக்கு வாங்கின 15டபிள்யூ40 இன்ஜின் ஆயில் அரை கேன் மிச்சம் கிடக்கு, அதையே புது பிஎஸ்6 டீசல் பிக்கப்புக்கு ஊத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அவசரப்பட்டு ஊத்திடாதீங்க.

எல்லாரும் கேன்ல பெருசா இருக்க நம்பரை மட்டும்தான் பாக்குறாங்க, அது வெறும் கெட்டித்தன்மை, 15டபிள்யூங்கிறது குளிர்ல எப்படி ஓடும்னு, 40ங்கிறது 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு. பின்னாடி பொடி எழுத்துல சிஐ-4, சிகே-4, சி3ன்னு ஆயிலோட தர வகை இருக்குமே, உங்களுக்கு அதுதான் முக்கியம். பிஎஸ்6 விதி வந்த 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பெரும்பாலான டீசல் வண்டில சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதுல சேர்ற கரியை வண்டியே சூடாக்கி எரிச்சிடும், ஆனா ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியவே எரியாது, அப்படியே தங்கி அடைச்சிக்கும். சிகே-4ல அந்த சாம்பல் ஆயில் எடையில 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சி3ல 0.8, பழைய சிஐ-4க்கு அந்த மாதிரி கட்டுப்பாடே இல்ல. மேனுவல்ல எது போட்டிருக்கோ அதை வாங்குங்க, பிராண்ட் எதுவா இருந்தாலும் பரவால்ல.

எங்க வண்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி ஏத்துறது. ஒருநாள் டிப்ஸ்டிக்க தொடச்சு விட்டு எடுத்தா ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது, மோந்து பாத்தா டீசல் வாசனை. குட்டி குட்டி ட்ரிப்பா ஓட்டி அந்தக் கரி எரியுறது பாதில பாதில நின்னா டீசல் ஆயில்ல இறங்கிடும், அப்போ கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்காம உடனே மாத்திடணும். கறுப்பானதுக்கு பயப்படாதீங்க, டீசல் வண்டில மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும்.