லீவர் கைப்பிடியை முட்டினால்: பைக் பிரேக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கொல்லிமலை இறங்குறப்ப பாதி வழியில முன் பிரேக் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. அடிவாரத்துல அரை மணி நேரம் நிறுத்தினதும் பழையபடி பிடிக்குது. மெக்கானிக் ஒரு கோளாறும் இல்லைங்கிறார்.

பதில்: தானாகச் சரியானதுதான் துப்பு, தம்பி. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவரை அழுத்தும் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழி திரும்ப ஆயிலாகிவிடும். ஆறின வண்டியில் மெக்கானிக்குக்கு என்ன தெரியும்?

ஆயிலை முழுக்க மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்யச் சொல்லுங்கள். சீல் பிரிக்காத டப்பாதான் வேண்டும். பாதி மிச்சம் வைத்தது ஆகாது. டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 சிலிகோன் வகை, அது ஆகாது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், மலைக்கு அடிக்கடி போனால் வருடம் ஒருமுறை.

அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் சூட்டைச் சேர்க்கும். அழுத்திக் குறைத்து, விட்டுவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றி நான் சொன்னால் மரியாதையாக இருக்காது.

கேள்வி: சார், இறக்கத்தில் பிரேக் சுத்தமாகப் போய்விட்டால் முதலில் எதைச் செய்வது?

பதில்: ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு, லீவரை வேகமாக மூன்று நான்கு முறை பம்ப் செய்யுங்கள். கொஞ்சமாவது அழுத்தம் திரும்பலாம். கூடவே பின் பிரேக். கியரை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நாலிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதற்கும் நிற்கவில்லையென்றால், எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்து மலைச்சுவர்ப் பக்கம், மண் ஓரம், ஏற்றமான கிளைப்பாதை, எது கிடைக்கிறதோ அங்கே விடுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் வேண்டாம். நின்றபின் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

கேள்வி: என் வண்டியில் இரண்டும் டிரம். ஆயிலே இல்லையே, கவலை இல்லைதானே?

பதில்: ஆயில் கொதிக்காது, ஆனால் டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூ சூடேறிப் பிடி விடும். பின் பெடலின் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கும் முன் அது வெறுமனே இறங்கும் தூரம், பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். பிரேக்கை அழுத்தும்போது டிரம் தட்டிலுள்ள அம்பு, குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. அதன்பின் பிரேக்கைச் சரிசெய்யும் நட்டை முறுக்குவது ஏமாற்று வேலை.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் நேர்ப்பாதை முடிவில் லீவர் திடீரென்று கைப்பிடி வரை வந்தது. இரண்டாவது அழுத்தலில் கல் மாதிரி பிடித்தது. ஆயில் போன வாரம்தான் மாற்றினேன்.

பதில்: இது ஆயில் பிரச்சினை இல்லை. ஹேண்டில் உதறும்போது டிஸ்க் ஆடி, பிரேக் பேடுகளை உள்ளே தள்ளிவிடுகிறது. முதல் அழுத்தல் அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகிவிடும். சக்கர பேரிங் ஆட்டம், டிஸ்க் வளைவு, ஸ்டியரிங் பேரிங் மூன்றையும் பாருங்கள். வளைவுக்கு பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஆக்சிலரேட்டர் திறந்திருக்கும்போதே லீவரை ஒரு விரலால் லேசாகத் தட்டிவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: டிராக்கில் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தவறவிட்டால் வளைப்பதா, நேராக வெளியே போவதா?

பதில்: வண்டி, ஓட்டுபவர் நம்புவதைவிட நன்றாகவே சாயும். வேகம் கொஞ்சம்தான் அதிகம் என்றால் வளைவுக்குள் பார்த்துச் சாயுங்கள். நேரே போவது என்று முடிவெடுத்தால் அரைமனசு ஆகாது. தார் இருக்கும்வரை வண்டியை நிமிர்த்தி முழு பிரேக். புல்லோ ஜல்லியோ தொடங்கும் இடத்தில் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அங்கே பிடித்தால் முன்சக்கரம் புதைந்து மடங்கும். ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்து, உடம்பைப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். நிறுத்தத்தை ஜல்லியே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் வின்யாலெஸ் மாதிரி ஓடும் வண்டியிலிருந்து குதித்துவிடலாமா?

பதில்: 2020 ஆகஸ்ட் 23, ஆஸ்திரியாவின் ரெட்புல் ரிங். முதல் வளைவில் பிரேக் இல்லாமல் 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் குதித்தார். பைக் காற்றுத் தடுப்பில் மோதி எரிந்தது, பந்தயம் நிறுத்தப்பட்டது. அவர் எழுந்து நடந்தார். முழுத் தோலுடை, ஏர்பேக், சறுக்க அகலமான இடம், மூன்றும் இருந்தன. மலைச்சாலையில் மூன்றும் கிடையாது. ஆனால் அன்று பிரேக் சில சுற்றுகளுக்கு முன்பிருந்தே தொல்லை கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். லீவர் ஒருமுறை ஆழமாகப் போனாலே கையைத் தூக்கிக் காட்டி, வண்டியைப் பழுதுபார்க்கும் பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஜல்லியில் விழாமல் நின்றுவிட்டால் உடனே டிராக்குக்குத் திரும்பலாமா?

பதில்: டிராக் ஓரம் நிற்கும் பாதுகாப்பு ஊழியர், அதாவது மார்ஷல், சைகை காட்டும்வரை காத்திருங்கள். பிறகு ஓரமாக, மெதுவாக பிட் வரை மட்டும். டயரில் மண், செயினில் கல், ரேடியேட்டர் துடுப்புகளில் ஜல்லி, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே பொடிக்கல் என எல்லாம் ஒட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் தானாக மூடுகிறதா என்பதையும் எஞ்சினை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அதில் மண் புகுந்திருந்தால் அடுத்த வளைவில் பிரேக் இருந்தும் பயனில்லை.