பெட்டியில் ‘500 வாட்’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறோம். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 5600 பிராசஸர். கேபினெட்டோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போதும் என்கிறார் சேலத்துக் கடைக்காரர். 1000 வாட் வாங்கச் சொல்கிறார் உறவினர். இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. எதை வாங்குவது?
– ஏற்காடு வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். பெயருள்ள கம்பெனியின் 550 வாட் வாங்குங்கள். கார்டு 115 வாட் எடுக்கும், பிராசஸர் முழு வேகத்தில் சுமார் 76. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டுவது கஷ்டம். இந்த கார்டுக்கு என்விடியாவே 550 வாட் என்றுதான் சொல்கிறது. 1000 வாட் வாங்கினால் கெடுதல் இல்லை, பணம்தான் வீண்.

கேபினெட்டோடு வருவதைத் தொடவே வேண்டாம். கடையிலேயே அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட், அவ்வளவுதான். கார்டும் பிராசஸரும் இழுப்பது இந்த லைனில்தான். ஒழுங்கான 550 வாட்டில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும்.

கொட்டேஷனில் கார்டு, ராம் எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர் எழுதுவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் ‘500 வாட் – 1’. லாபத்தை அங்கேதான் ஒளிக்கிறார்கள். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் மூன்றும் ஜிஎஸ்டி பில்லில் வேண்டும் என்று சொல்லுங்கள். பில் போட்டால் விலை கூடும் என்றால் வேறு கடைக்குப் போங்கள். பில் இல்லாமல் வாரண்டிக்கு அலைவது கொடுமை. பில் இருந்தாலே ‘சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். சேலம் போன்ற மாநகராட்சியில் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக்கொடுக்க வழியில்லை என்பதை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறோமோ!

‘80 பிளஸ்’ முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கு மட்டும்தான். உங்களுக்கு அதில் ‘பிரான்ஸ்’ (Bronze) தரம் போதும். முத்திரையைவிட வாரண்டியைப் பாருங்கள். ஐந்து வருடம் தரும் மாடலாக எடுங்கள்.

இன்வெர்ட்டர் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்களுடையது சைன் வேவா (லைன் கரண்ட் போலவே சீரான அலையாகத் தருவது), ஸ்கொயர் வேவா (வெட்டு வெட்டாகத் தருவது)? ஸ்கொயர் வேவில் ஃபேன் ஓடும், லைட் எரியும். ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் இரையும், சில சமயம் நின்றேவிடும். பழுது என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், குறை இன்வெர்ட்டரில். சைன் வேவ் என்றால் அதில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து அதில் வையுங்கள். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 17 மில்லி விநாடிதான். அதே ஸ்விட்ச் ஈகோ மோடில் இருந்தால் இன்வெர்ட்டர் அதற்குள் பேட்டரிக்கு மாறாமல் போகலாம். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவாக இருந்தால் கம்ப்யூட்டரை அந்த லைனில் கொடுக்காமல், தனியாக சைன் வேவ் யுபிஎஸ் வாங்குங்கள். 600 விஏ யுபிஎஸ்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். மானிட்டரும் சேர்ந்தால் திணறும். 1000 விஏ கேளுங்கள்.

அப்புறம், அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து சோதித்துவிடுங்கள். மலையில் இடி இடித்தால் எந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் நம்பாதீர்கள். பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.