ஹார்னெட்: பேடிலைப் பிடிச்சிருந்தா ட்ரிகர் சுடல

டிசிஎஸ்ங்கிற போர் விமான சிமுலேட்டர் கேம்ல, ஹார்னெட் விமானத்தை ஓட்டும்போது ஜாய்ஸ்டிக்ல இருக்கிற பேடில் லீவரைப் பிடிச்சிருந்தா ட்ரிகர் சுடலன்னு கேட்டிருக்கீங்க. ட்ரிகர்ல கோளாறு இல்லீங்க. டிசிஎஸ்ல மாடிஃபையரா (கீபோர்டுல ஷிஃப்ட் மாதிரி, வேற பட்டனோட சேர்த்து அழுத்துறது) வெச்ச பட்டனை அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும், அது சேராத பைண்டிங் (ஒரு கட்டளைக்கு ஒதுக்கின பட்டன்) வேலை செய்யாது. பேடிலைப் பிடிச்சுக்கிட்டே ட்ரிம் பண்ணும்போது (விமானம் தானா நிலையா பறக்கிற மாதிரி சரிக்கட்டும்போது) சுட மறுக்கிறது அதனாலதான்.

கன்ட்ரோல்ஸ்ல "கன் ட்ரிகர், செகண்ட் டிடென்ட்" வரிக்குப் போங்க. உங்க ஜாய்ஸ்டிக் கட்டத்துல ஏற்கெனவே இருக்கிற ட்ரிகரோட, பேடில் + ட்ரிகர்னு இன்னொண்ணும் சேருங்க. ஒரே கட்டளைக்கு ரெண்டு இருக்கலாம்.

"சில நேரம் கையை எடுத்த பிறகும் சுடல"ன்னு எழுதியிருக்கீங்களே, அது வேற. பேடிலை மாடிஃபையருக்குப் பதிலா ஸ்விட்ச்னு சேர்த்திருப்பீங்க. ஸ்விட்ச்னா ஒருதரம் அழுத்தினா, மறுபடி அழுத்துற வரைக்கும் ஆன்லயே நிக்கும். மாடிஃபையர்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்க. ஸ்விட்ச்சா இருந்தா எடுத்துட்டு மாடிஃபையரா போடுங்க; அதுக்கு முன்னாடி ப்ரொஃபைலைச் சேமிச்சுக்கங்க.

நிஜ ஹார்னெட்ல அந்தப் பேடில், ஆட்டோபைலட்டையும் முன்சக்கர ஸ்டீயரிங்கையும் விடுவிக்கிற லீவர். அதைப் போய் மாடிஃபையருக்குச் செலவழிக்கணுமா? சுண்டுவிரலுக்கு எட்டுற வேற பட்டன் இருந்தா அதை எடுத்துக்கங்க.

இதெல்லாம் ஹார்னெட்டுக்கு மட்டும்தான் பதியும். எஃப்-16 மாதிரி வேற விமானத்துல ஏறினா மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்.