பழைய பெட்போர்டு வண்டியில் லேலண்ட் எஞ்சின்: ரேடியேட்டர் மாற்றும் முன்

அண்ணாச்சி, எஞ்சின் மாற்றியபின் பேச்சிப்பாறை ஏற்றத்தில் கொதிக்கிறது, ஆரல்வாய்மொழி ரோட்டில் வேகமாகப் போனால் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். வேகத்தில் காற்று தானாகவே கோருக்குள் (ரேடியேட்டரின் நடுவில் தண்ணீர் ஆறும் வலைப்பகுதி) புகும். மெதுவாக ஏறும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். எனவே முதல் சந்தேகம் ஃபேன் கவுல் மேல், அதாவது ஃபேனைச் சுற்றி வரும் தகட்டுக் கூடு மேல். மாற்றிய எஞ்சினில் ஃபேன் நடுவிலிருந்து விலகி நிற்பது சகஜம். கவுல் இல்லாவிட்டால் அது கோரின் ஒரு வட்டத்தில்தான் காற்றை இழுக்கும். தகடு வளைத்துக் கோர் முழுவதையும் மூடுங்கள். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கவுலுக்குள் இருக்கட்டும்.

புது ரேடியேட்டரை வண்டியைப் பார்த்து வாங்காதீர்கள், எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள். தடிமனைவிட முகப்பரப்பு பெரிதாக இருப்பதே நல்லது. நம்ம ஊர் உப்புக்காற்றில் நான் செம்பு-பித்தளைதான் எடுப்பேன், ஒழுகினால் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துவிடலாம்.

மாட்டும்போது எடை முழுவதும் கீழே ரப்பர் புஷ்ஷில் உட்கார வேண்டும். மேல் ஸ்டே (தாங்கு கம்பி) ஆடாமல் பிடிக்க மட்டும்தான். பழைய சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேடுபள்ளத்தில் முறுக்கும். நேரடியாக போல்ட் போட்டு இறுக்கினால் ரேடியேட்டர் டேங்க் ஓரம் விரிசல் விடும். மேல் டேங்க் எஞ்சினைவிடத் தாழ்ந்துபோனால், உயரத்தில் தனி டேங்க் வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஓட்டத்தில் காற்று அடைக்கும்.

அப்புறம், தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிடச் சொல்வார்கள். கழற்றாதீர்கள். கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகிறதா என்று எஞ்சினை ரேஸ் செய்து பாருங்கள். சப்பையானால், உள்ளே ஸ்பிரிங் போட்ட ஹோஸ் வேண்டும்.