பங்குனி ஆமை முட்டைகளுக்கு நிழல்வலை: பாதிக்குப் போதும்

இந்தக் கோடை எவ்வளவு சுடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, கடல் ஆமை முட்டைகளை மணல் குழிகளில் புதைத்துக் காக்கும் பொரிப்பகம் முழுக்க நிழல்வலை கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழுக்க வேண்டாம். பங்குனி ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணல் சூடுதான் முடிவுசெய்கிறது, சூடு ஏற ஏறப் பெண் கூடும், 34 டிகிரியை ஒட்டி நாள்கணக்கில் நின்றால் கருவே சாகலாம். ஆனால் கோடை மிதமாக அமைந்து எல்லாக் குழிக்கும் நிழல் இருந்தால் பெரும்பாலும் ஆணாகவே பொரிக்கும். அதனால் பாதிக் குழிகளுக்கு மட்டும் கட்டுங்கள், அதிலும் மார்ச்சில் இட்டவைக்கு முதலில். நிழல் உள்ள பக்கம், இல்லாத பக்கம் இரண்டிலும் முட்டை இருக்கும் ஆழத்தில், ஒரு முழத்துக்கு, வெப்பமானி புதைத்துத் தினமும் குறியுங்கள். அடைகாலத்தின் நடுப்பகுதியில்தான் பாலினம் உறுதியாகிறது, அந்த நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள். சூட்டையும் லேசாக எண்ணாதீர்கள்: ஒருமுறை ஏப்ரல் கடைசியில் பொரிக்காத முட்டையைப் பிரித்தேன், கட்டைவிரல் நீளத்தில் முழுதாக வளர்ந்த குஞ்சு அசையாமல் கிடந்தது. அப்புறம், வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.