தன்ராஜிடம் இல்லாத பதக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்ராஜ் பிள்ளையை இந்திய ஹாக்கியின் உச்சங்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடியும் ஒரு பதக்கம்கூட அவரிடம் இல்லை. சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் 1980இல் அணித்தலைவராகத் தங்கமே கொண்டுவந்தார். அவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே. இது பாசமா, மதிப்பீடா?

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியிலிருந்து ஹாக்கிக் கேள்வி வந்தால் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஹாக்கி அணிகள் எதுவும் வரவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததால் வந்த புறக்கணிப்பு. மிஞ்சியவை ஆறே அணிகள், அரையிறுதியே கிடையாது. டான்சானியாவை 18-0 என்று அடித்தோம். இதைச் சொல்லி அந்தத் தங்கத்தை மட்டம் தட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவர்களோடுதானே ஆட முடியும்? இறுதி ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கிய ஸ்பெயின் விடாமல் துரத்திவந்தது. முகமது ஷாஹித் நான்காவது கோலைப் போட்டதால் 4-3 என்று தப்பித்தோம். ஆனாலும் எந்தெந்த நாடு வரும் என்பதை முடிவு செய்தது ஹாக்கி அல்ல.

தன்ராஜிடம் தங்கமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் 32 வருடம் கழித்துத் தங்கம் வந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு மூத்த ஆட்டக்காரர்கள் சிலரோடு அவரையும் அணியிலிருந்து நீக்கினார்கள். 'ஓய்வு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தங்கத்தால் அவர் இடத்தையே காப்பாற்ற முடியவில்லை.

பிறகு சிட்னி ஒலிம்பிக், 2000. போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. நான் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் போலந்து சமன் செய்தது. நமக்குப் பதில் அரையிறுதிக்குப் போன தென் கொரியா வெள்ளியோடு ஊர் திரும்பியது, நமக்கு ஏழாமிடம். அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால் தன்ராஜின் ஓட்டமோ, பந்தை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் பாயும் வேகமோ ஒரு இம்மியாவது கூடியிருக்குமா? நாம் பேசும் விதம்தான் மாறியிருக்கும்.

அன்று இந்தியாவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? நீங்கள் சொல்லும் அதே பாஸ்கரன்தான். தங்கத் தலைவர் வெளியே, பதக்கமில்லாதவர் களத்தில், இருவருக்கும் அதே 1-1.

பாஸ்கரனை நான் விட்டுவிட்டது தவறுதான். அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். மாஸ்கோ இறுதி ஆட்டத்தை வானொலியில் கேட்ட பெரியவர்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் விசாரித்து எழுதுங்கள், உதவியாக இருக்கும்.