பிரான்சில் மொழி வகுப்பும் பயிற்சிப் பணியும் சேர்ந்தால் பிரெஞ்சு மேம்படுமா?

பிரெஞ்சில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியில் இருப்பதாகவும், சில மாதங்கள் பிரான்சில் தங்கி மொழி வகுப்போடு பயிற்சிப் பணியும் செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாக மேம்படும். ஆனால் முதலில் வகுப்பு, பிறகு பணி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாக 'ஜ ந சே பா' என்று சொல்லித்தரும் 'எனக்குத் தெரியாது', அலுவலகத்தில் 'ஷே பா' என்று ஒரே மூச்சில் வந்து விழும். இலக்கணம் ஓரளவு கைவந்த பிறகு கேட்டால்தான் எது மறைந்தது என்பது விளங்கும். நம்முடைய நீ, நீங்கள் போலவே அங்கும் 'து', 'வு' என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் வயதில் மூத்த சக ஊழியரே தம்மை 'து' என்று அழைக்கச் சொல்லக்கூடும் என்பது பணியிடத்தில்தான் பழகும்.

சேரும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மாணவர், கல்வி நிறுவனம், பணியிடம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் 'ஸ்தாஜ்' (பயிற்சிப் பணி) ஒப்பந்தம் பிரெஞ்சுச் சட்டப்படி கட்டாயம். அதற்குரிய படிப்பில் ஆண்டுக்குக் குறைந்தது 200 மணிநேரக் கற்பித்தல் இருக்க வேண்டும் என்பதால், சில வாரப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் போதாமல் போகும். 2 மாதத்துக்கு மேற்பட்ட பணிக்கு ஊக்கத்தொகையும் தந்தாக வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, பாரிஸைவிட விஷி, பெசான்சோன் போன்ற சிறு நகரங்களையே நான் பரிந்துரைப்பேன். இரண்டிலும் வெளிநாட்டவருக்கென்றே நீண்டகாலமாக இயங்கும் மொழி மையங்கள் உள்ளன; நீங்கள் தடுமாறும்போது கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் வாய்ப்பும் அங்கே குறைவு.